உயிருக்கும் சடத்துக்கும் இடையில்: ஆசாரியர் ஜகதீச சந்திர போஸ்

கீழ்வகுப்புகளில் நாம் படித்த விஞ்ஞானப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை நடுவே கோடு கீறி இரண்டாகப் பிரித்திருப்பார்கள். ஒரு புறம் பசு, கோழி, மாமரம். மறு புறம் கல், கதிரை, கத்தி. முன்னவை உயிருள்ளன, பின்னவை உயிரற்றன. உயிருள்ளவை உண்ணும், சுவாசிக்கும், வளரும், கழிவை வெளியேற்றும், தம் இனத்தைப் பெருக்கும், தீண்டினால் துலங்கும். உயிரற்றவற்றுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. பரீட்சைக்கு இவ்வளவு போதும். ஆனால் அந்தக் கோட்டின் மேலேயே தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைக் கழித்த ஒரு மனிதர் நமக்கு அண்டை நாடாகிய வங்கத்திலே இருந்தார். அவர் ஆசாரியர் ஜகதீச சந்திர போஸ்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. போஸ் என்றதும் நம் இளைஞர்கள் நேதாஜி சுபாஸ் சந்திர போஸையே நினைப்பார்கள். பௌதிகம் படித்தவர்கள் ஐன்ஸ்டைனோடு சேர்த்துப் பேசப்படும் சத்தியேந்திர நாத் போஸை நினைப்பார்கள். நாம் கூறவந்தவர் இவ்விருவருக்கும் மூத்தவர். சத்தியேந்திர நாத்துக்கு ஆசிரியருங்கூட. அவருடைய பெயரால் பரவியிருக்கும் கதைகளோ பல. கல்லுக்கும் உயிர் உண்டென்று அவர் நிரூபித்துவிட்டதாக மேடைகளிற் பேசுவோர் உண்டு. அவர் உண்மையாகச் செய்தது என்ன, செய்யாதது என்ன என்று பிரித்துப் பார்ப்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை என்று கருதி இவ்வரலாற்றை எழுதத் துணிந்தோம்.

ஜகதீசர் 1858-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 30-ஆந் திகதி மைமன்சிங்கிலே பிறந்தார். அவ்வூர் இன்று பங்களாதேசத்தில் உள்ளது. குடும்பத்தின் பூர்வீகம் டாக்காவை அடுத்த விக்கிரமபுரியைச் சேர்ந்த ராரிக்கால் கிராமம். தந்தையார் பகவான் சந்திர போஸ் ஆங்கில அரசாங்கத்தில் உயர் பதவி வகித்தவர், பிரம சமாஜத்தைச் சேர்ந்தவர். அக்காலத்தில் அவரைப்போன்ற உத்தியோகத்தர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதே வழக்கம். பகவான் சந்திரரோ மகனை வங்காளிப் பள்ளிக்கு அனுப்பினார். தாய்மொழியை முதலிற் கற்கட்டும், தன் மக்களை அறியட்டும், ஆங்கிலம் பிறகு வரும் என்பது அவர் எண்ணம். அப்பள்ளியிலே சிறுவனுக்கு ஒரு பக்கத்தில் வீட்டு முஸ்லிம் ஏவலாளின் மகன். மற்றப் பக்கத்தில் ஒரு மீனவர் மகன். அவர்கள் சொன்ன பறவைக் கதைகளும் விலங்குக் கதைகளும் நீர்வாழ் பிராணிகளின் கதைகளுமே இயற்கையை நோக்கித் தம்மை ஈர்த்தன என்று போஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். பள்ளி விட்டு வரும் அப்பிள்ளைகள் எல்லார்க்கும் தாயார் வாமசுந்தரி தேவியார் பேதமின்றி உணவிட்டார். மகாபாரதத்திற் கர்ணனே சிறுவனின் உள்ளங்கவர்ந்த வீரன். பிறப்பினால் ஒதுக்கப்பட்டவன், தோற்பவன் பக்கம் நின்று போராடியவன் அல்லவா?

அவரைத் தினமும் தோளிற் சுமந்து பள்ளிக்குக் கொண்டு சென்றவன் ஒரு பழைய கொள்ளைக்காரன் என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. பகவான் சந்திரரே நீதிபதியாக இருந்து அவனைச் சிறைக்கு அனுப்பியவர். தண்டனை முடிந்து வெளியே வந்தவனுக்கு வேலை கொடுப்பார் யாருமில்லை. அவரே தம் வீட்டிற் சேர்த்துக்கொண்டு மகனை அவனிடம் ஒப்படைத்தார்.

பின்னர் கல்கத்தாவில் முதலில் ஹேர் பள்ளி, அதன்பின் சென் சேவியர் பள்ளியும் கல்லூரியும். சென் சேவியரில் லபோன் என்னும் யேசுசபைப் பாதிரியார் பௌதிகவியல் கற்பித்தார். பாடம் சொல்லிக் கொடுப்பதோடு நில்லாமல் பரிசோதனையைக் கண்முன்னே செய்து காட்டுவது அவர் முறை. போஸின் பிற்கால விரிவுரைகளிற் காணப்பட்ட கைத்திறனுக்கு வித்து இவரிடமிருந்தே வந்தது. மிஷன் பாடசாலையிற் கற்ற நமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருகிறது. வேறு சமயத்தவரிடம் விஞ்ஞானம் கற்றதனால் அவர் தம் வேரை இழக்கவில்லை. வேரை இழக்காமைக்காக அந்த ஆசிரியரின் கடனை மறுக்கவுமில்லை.

1880-இல் வைத்தியம் படிக்க லண்டன் சென்றார். முன்பே உடலிற் புகுந்திருந்த காய்ச்சல், பிணம் அறுக்கும் கூடத்தின் நாற்றத்தால் மேலும் முற்றியது. வைத்தியத்தைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ற் கல்லூரியில் இயற்கை விஞ்ஞானம் படித்தார். பௌதிகத்தில் இறேலி பிரபுவும், தாவரவியலில் வைன்ஸும், உடற்றொழிலியலில் மைக்கல் பொஸ்ரரும் அவருக்கு ஆசிரியராயினர். பௌதிகம், தாவரம், விலங்கு என்று மூன்று துறைகளிலும் காலூன்றிய படிப்பு இது. பின்னால் அவர் மூன்றுக்கும் இடையிலிருந்த வேலிகளைத் தாண்டியது தற்செயலன்று.

1885-இல் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியிற் பௌதிகப் பேராசிரியராக அமர்ந்தார். இங்கேதான் அவருடைய முதற் போராட்டம். அக்காலத்தில் இந்தியப் பேராசிரியருக்கு ஐரோப்பியர் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கே கிடைக்கும். போஸின் பதவி தற்காலிகமானது என்று சொல்லி அதிலும் பாதியையே தர முன்வந்தார்கள். அதாவது அதே வகுப்பு, அதே பாடம், அதே நேரம், ஆனால் மூன்றில் ஒரு பங்கு கூலி. அவர் சண்டை பிடிக்கவில்லை, வேலையை விட்டு ஓடவுமில்லை. மூன்று ஆண்டுகள் ஒரு நாளும் தவறாமல் வகுப்புக்குச் சென்றார். சம்பளத்தை மட்டும் வாங்க மறுத்தார். அவ்வேளை தந்தையார் பொதுக்காரியங்களிலும் தொழில் முயற்சிகளிலும் பணத்தை இழந்து பெருங்கடனில் இருந்தார். 1887-இல் மணம் புரிந்த அபலா அம்மையார் முதல் நாளிலிருந்தே இந்த வறுமையைப் பங்கிட்டுக்கொண்டார். அவ்வம்மையார் சென்னை வைத்தியக் கல்லூரியிற் படித்தவர் என்பது தமிழராகிய நாம் நினைவிற் கொள்ளவேண்டிய செய்தி. இறுதியில் அரசாங்கம் இறங்கி வந்தது. பதவியை நிரந்தரமாக்கி, முழுச் சம்பளத்தையும் முன்தேதியிட்டுக் கொடுத்தது. அப்பணம் தந்தையின் கடனுக்குப் போயிற்று.

ஒரே வேலைக்கு இருவேறு கூலி என்பது நம் மலைநாட்டாருக்கு விளக்கிச் சொல்லவேண்டிய விஷயமன்று. ஒரே மலையிற் கொழுந்து எடுத்த நம் தாய்மாருக்கு ஆண்களோடு சமசம்பளம் கிடைத்தது 1984-இலேதான். போஸின் மூன்று வருஷ மௌனத்தை நாம் வேறெவரிலும் நன்றாக அறிந்துகொள்வோம்.

ஆராய்ச்சிக்கு அவருக்குக் கிடைத்தது குளியலறையை அடுத்த ஒரு சிற்றறை. கருவி செய்ய ஒரு தகரவேலைக்காரரைப் பழக்கினார். 1894-ஆம் ஆண்டு, தமது முப்பத்தாறாவது பிறந்த நாளில், இனி ஆராய்ச்சியே தம் வாழ்வு என்று முடிவு செய்தார். ஹேர்ட்ஸ் கண்டுபிடித்த மின்னலைகளை எடுத்து, அவற்றை மிகமிகக் குறுகச் செய்தார். சில மில்லிமீற்றர் நீளமே உள்ள அலைகளை உண்டாக்கி, அவை ஒளியைப் போலவே தெறிக்கும், முறியும் என்று காட்டினார். கல்கத்தா நகரமண்டபத்திலே பிரமுகர் முன்னிலையில் கம்பித் தொடர்பு எதுவுமின்றித் தூரத்திலிருந்த மணியை அடிக்கச்செய்து, வெடிமருந்தைக் கொளுத்திக் காட்டினார். இடையிலிருந்த சுவர் அவ்வலைகளைத் தடுக்கவில்லை. 1897 ஜனவரி 29-ஆந் திகதி லண்டன் றோயல் இன்ஸ்ரிற்றியூஷனில் வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவு நிகழ்த்தினார். அதற்கு இரண்டு கிழமை முன்னரே, அம்மாதம் 15-ஆந் திகதி, சுவாமி விவேகானந்தர் மேல்நாட்டு யாத்திரை முடித்துக் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கியிருந்தார். வங்கத்துப் புதல்வர் இருவர், ஒருவர் மேற்கே போக மற்றவர் கிழக்கே வந்த அந்த மாதத்தை நாம் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

கம்பியில்லாத் தந்தியைப் பணமாக்க அவர் விரும்பவில்லை. சகோதரி நிவேதிதையும் திருமதி சாரா புல் அம்மையாரும் வற்புறுத்தியதனால் அமெரிக்காவில் ஒரு கருவிக்கு உரிமைப்பத்திரம் கேட்டு விண்ணப்பிக்கப்பட்டது. அது 1904-இற் கிடைத்தது. அதனாற் பயன்பெற அவர் எதுவும் செய்யவில்லை. இதனை எல்லாரும் தியாகம் என்று போற்றுவர். நமக்கோ சிறிது ஐயமுண்டு. அப்பணம் வந்திருந்தால் அவருடைய ஆராய்ச்சிச்சாலை பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே எழுந்திருக்கும் அல்லவா? அவருடைய மில்லிமீற்றர் அலைப் பரிசோதனைகளைச் சர்வதேசப் பொறியியலாளர் சங்கமாகிய ஐ.ஈ.ஈ.ஈ. 2012-இல் மைல்கல் என அங்கீகரித்தது. அந்த அலைநீளங்களையே இன்று புதிய கைத்தொலைபேசி வலையமைப்புகள் பயன்படுத்துகின்றன.

நிற்க. உயிர், சடம் என்ற கதை இந்த அலைக்கருவியிலிருந்தே தொடங்குகிறது.

மின்னலையை உணர்வதற்கு அவர் உலோகத் துண்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் ஓர் ஏற்பியைப் பயன்படுத்தினார். அலை வந்து பட்டதும் அதன் மின்தடை மாறும். அதனோடு இணைத்த கல்வனோமானியின் முள் அசையும். நீண்ட நேரம் ஓயாமல் வேலை செய்தபின் அந்த ஏற்பி மந்தமாகிவிடுவதை அவர் கவனித்தார். கருவியில் எந்தப் பழுதும் இல்லை. சிறிது நேரம் சும்மா விட்டால் அது மீண்டும் கூர்மை பெற்றது. வேறொருவராயின் கருவியின் குறை என்று துடைத்துவிட்டு மேலே போயிருப்பார். போஸுக்கு அது களைப்பாகத் தோன்றிற்று. இரும்பு களைக்குமா?

உடற்றொழிலியலார் தவளையின் தசையைத் தூண்டி, அது சுருங்கித் தளர்வதை வளைகோடாக வரைவார்கள். மீண்டும் மீண்டும் தூண்டினால் வளைகோடு தாழும், அது களைப்பு. ஓய்வு கொடுத்தால் உயரும். ஊக்கமருந்து இட்டால் மேலும் உயரும். நஞ்சிட்டால் படுத்துவிடும், பிறகு எழாது. இதே முறையை போஸ் வெள்ளீயக் கம்பியிற் கையாண்டார். கம்பியை நடுவிற் பற்றிப் பிடித்து, இரு முனைகளையும் நீரில் நனைந்த துணிவழியே கல்வனோமானியோடு இணைத்து, ஒரு பாதியை மட்டும் முறுக்கினார் அல்லது தட்டினார். மின்னோட்டம் எழுந்தது, பதிவாயிற்று. அடிக்கடி தட்டினால் தாழ்ந்தது, ஓய்ந்தால் உயர்ந்தது. சோடியம் காபனேற்றுக் கரைசல் ஊக்கிற்று. ஒட்சாலிக்கமிலம் துலங்கலையே அடக்கிற்று. ஒரே மருந்து சிறிதளவில் ஊக்குவதையும் பெரிதளவில் அடக்குவதையுங்கூட அவர் கண்டார். பின்னர் முள்ளங்கி, கரட், இலைக்காம்பு ஆகியவற்றில் இதனைச் செய்து பார்த்தார். மூன்று வளைகோடுகளும் உடன்பிறந்தவை போலிருந்தன.

மைக்கல் பொஸ்ரர் ஒரு நாள் வந்து அவற்றுள் ஒன்றை எடுத்துப் பார்த்து, இதில் என்ன புதுமை, தசையின் வளைகோடு ஐம்பதாண்டுகளாகத் தெரிந்ததுதானே என்றாராம். அது வெள்ளீயத்தின் வளைகோடு என்று மாணவர் சொன்னபோது ஆசிரியர் திகைத்து நின்றாராம்.

1900-இல் பாரிஸ் பௌதிக மகாநாட்டில் இவ்விஷயத்தைப் பேசினார். அங்கே அப்பொழுது தங்கியிருந்த விவேகானந்தர் தம் நாட்டவர் ஒருவர் இவ்வாறு நிமிர்ந்து நிற்பதைக் கண்டு பூரித்தார். 1901 மே 10-ஆந் திகதி றோயல் இன்ஸ்ரிற்றியூஷனில் மீண்டும் சொற்பொழிவு, பெரும் பாராட்டு. ஆனால் ஜூன் மாதத்தில் றோயல் சங்கத்தின் முன் கட்டுரை வைத்தபோது காற்று மாறிற்று. உடற்றொழிலியலிற் பெரும்புகழ் பெற்ற பேர்டன் சாண்டர்சன் எழுந்து, பௌதிகப் பேராசிரியர் தம் துறையை விட்டு எங்கள் துறைக்குள் ஏன் வருகிறார் என்ற கருத்துப்படப் பேசினார். சாதாரணச் செடிகள் மின்னாற் துலங்கா என்பது அவர் தீர்ப்பு. கட்டுரையின் தலைப்பிலுள்ள சொல்லை மாற்றும்படியும் ஆலோசனை கூறினார். போஸ் மாற்ற மறுத்தார். பரிசோதனையிற் பிழை இருந்தால் காட்டுங்கள். இல்லையேல் உள்ளவாறே அச்சிடுங்கள் என்பது அவர் நிலை. கட்டுரை அச்சேறாமற் சங்கத்தின் அலமாரிக்குள் வைத்துப் பூட்டப்பட்டது.

இதிலொரு விசித்திரம் உண்டு. பூச்சி பிடிக்கும் வீனஸ் செடியில் மின்துடிப்பு உண்டென்று 1873-இல் முதன்முதற் காட்டியவர் இதே பேர்டன் சாண்டர்சன்தான். அச்செடி அபூர்வமானது, ஆகையால் அதற்கு விலங்குக்குரிய குணம் இருக்கலாம், மற்றச் செடிகளுக்கு இருக்க முடியாது என்று அவர் எண்ணினார். தாம் திறந்த கதவைத் தாமே சாத்திக்கொண்டார்.

போஸ் ஊர் திரும்பவேண்டிய காலம் நெருங்கிற்று. திரும்பினால் வழக்கு தோற்றதாகும். நண்பர் இரவீந்திரநாத தாகூர் திரிபுரா மகாராசாவிடம் பொருள் திரட்டி அனுப்பினார், போஸ் தங்கினார். 1902-இல் லின்னியன் சங்கம், பழைய ஆசிரியர் வைன்ஸின் துணையோடு, தாவரத் துலங்கல் பற்றிய கட்டுரையை வெளியிட்டது. அதே ஆண்டில் உயிருள்ளன, உயிரற்றன ஆகியவற்றின் துலங்கல் பற்றிய அவருடைய முதற் பெருநூல் வெளிவந்தது. அந்நூலையும் தொடர்ந்த நூல்களையும் செப்பனிடுவதில் நிவேதிதை பேருழைப்புச் செய்தார். 1911-இல் தார்ஜிலிங்கில் போஸ் தம்பதியரோடு தங்கியிருந்தபோதே அவ்வம்மையார் உயிர் நீத்தார். பின்னாளில் எழுந்த ஆராய்ச்சிச்சாலையின் வாயிலில் விளக்கேந்திய பெண்ணுருவம் அவர் நினைவாக அமைந்தது.

அந்நூலுக்குப் பிறகு அவர் உலோகத்தை மெல்ல விட்டுத் தாவரத்தையே முழுமையாகப் பற்றிக்கொண்டார். தொட்டாற்சுருங்கியும், சிற்றிலைகள் தாமே ஏறி இறங்கும் தொழுகண்ணியும் அவருடைய ஆராய்ச்சித் தோழர்கள். முதலாவது நம் மலைச்சரிவுகளிலும் பாதையோரங்களிலும் களையாக மண்டிக் கிடப்பது. கொழுந்தெடுக்கும் கால்களைக் கீறுவது. தூண்டலுக்கும் துலங்கலுக்கும் இடைப்பட்ட நேரத்தை விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை அளக்கும் பதிகருவியை அவர் அமைத்தார். செடி ஒரு விநாடியில் வளரும் அளவு ஏறக்குறைய ஓர் அங்குலத்தின் இலட்சத்தில் ஒரு பங்கு. அதைப் பத்தாயிரம் மடங்கும் அதற்கு மேலும் பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்னும் கருவியையும் ஆக்கினார். எல்லாம் கல்கத்தாவில், இந்தியத் தொழிலாளர் கைகளாற் செய்யப்பட்டவை. 1920-இல் லண்டனில் ஐயங்கொண்டவர்கள் முன்னிலையில் இக்கருவியை இயக்கி வென்றார். அவ்வாண்டே றோயல் சங்கம் அவரை அங்கத்தவராக ஏற்றது. கட்டுரையைப் பூட்டிவைத்த அதே சங்கம், பத்தொன்பது ஆண்டுகளின் பின்!

பரீத்பூர் ஈச்சமரத்தின் கதை நம் பெரியோருக்குப் பிடிக்கும். மாலையிற் கோயில் மணி ஒலிக்கும் வேளையில் அம்மரம் தலை தாழ்த்தி வணங்கும், காலையில் நிமிரும். சனங்கள் திரள் திரளாய் வந்து வழிபட்டார்கள், நோய் தீர்ந்ததென்றார்கள். போஸ் அதனை ஏளனம் செய்யவில்லை, உடனே நம்பவுமில்லை. மரத்திற் கருவி பொருத்த அனுமதி கேட்டார். அந்நியக் கருவி பட்டால் மரத்தின் மகிமை கெடும் என்று சொந்தக்காரர் தயங்கினார். கருவி இந்தியாவிற் செய்ததென்றும், அதைப் பொருத்தப்போகும் உதவியாளர் ஒரு பூசகரின் மகனென்றும் சொன்னபின் இசைந்தார். இரவும் பகலும் பதிந்த கோட்டைப் பார்த்தபோது மரம் ஓயாமல் அசைந்துகொண்டே இருந்தது தெரிந்தது. வெப்பம் ஏறத் தாழ்ந்தது, குளிர எழுந்தது. பிற மரங்களிலும் இவ்வசைவு சிறிய அளவில் உண்டென்றும் கண்டார். சில காலத்தின் பின் அம்மரம் பட்டுப்போயிற்று. அசைவும் நின்றது. வெயிலும் குளிரும் முன்போலவே வந்து போயின. பிணமான அடிமரம் அவற்றை அறியவில்லை.

செடி இறக்கும் கணத்தையுங்கூட அவர் பதிவுசெய்ய முயன்றார். நீரிலிட்டு மெல்லச் சூடேற்றினால் ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் அதற்கொரு திடீர்த் துடிப்பு ஏற்படுகிறது. அதன்பின் துலங்கல் இல்லை. 1914-இல் லண்டன் மேய்டா வேலில் இருந்த அவருடைய பரிசோதனைக்கூடத்திற்கு வந்த பேர்னாட் ஷா, முட்டைக்கோவா வெந்நீரில் துடித்து அடங்கும் பதிவைக் கண்டு கலங்கினார் என்று சொல்வார்கள். ஷா மரக்கறி உணவினர். நம் சங்கத்துச் சைவ உணவினர் இதைக் கேட்டு இன்றைய மதியச் சோற்றைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. அத்துடிப்பு கலங்கள் நீரை இழந்து சிதையும் நிகழ்ச்சி. வேதனைப்பட மூளையோ நரம்போ முட்டைக்கோவாவுக்கு இல்லை.

மரணம் ஒரே கணத்தில் வருமா என்பதை நாம் றொசல்லக்காரர் புத்தகமின்றியே ஆராயலாம். கொழுந்து கிள்ளப்பட்டுக் கூடையில் விழுந்ததும் இறந்துவிடுகிறதா? இல்லை. அதன் கலங்கள் இன்னும் சுவாசிக்கின்றன, வெப்பம் விடுகின்றன. சாக்கில் இறுக்கி அடைத்தால் உள்ளே சூடேறிக் கொழுந்து சிவந்துபோகும் என்பதை மடுவத்தில் நிறுவை பார்த்த எந்தப் பெரியவரும் அறிவார். ஸ்டோருக்குப் போய் மணிக்கணக்காகக் காற்றில் வாடி நீரை இழந்தும் உயிர் முற்றாகப் பிரிவதில்லை. உருட்டும் இயந்திரத்திற் கலங்கள் கிழிபடும்போதே உயிர் என்ற ஒழுங்கு குலைகிறது. அப்பொழுதும் தொழில் நிற்பதில்லை. கலத்தின் வெவ்வேறு அறைகளில் இருந்த நொதியமும் சாறும் ஒன்று சேர்ந்து, ஒட்சிசனை ஏற்றுச் செம்புநிறம் கொள்கின்றன. தேயிலைக்கு மணம் வருவது இந்த மரணத்துக்குப் பிந்திய வேலையினாலேதான். இறுதியிற் சூட்டடுப்பின் வெங்காற்று நொதியத்தையும் அடக்குகிறது. இதில் எந்த நிமிஷத்தில் உயிர் போயிற்று என்று ரீமேக்கரைக் கேட்டால் அவர் சிரிப்பார். உயிரென்பது ஒரு பொருளாக இலைக்குள் இருந்து புறப்பட்டுப் போகவில்லை. பல தொழில்கள் ஒன்றையொன்று தாங்கி நின்ற கட்டு அவிழ்ந்தது.

இவ்விடத்தில் போஸின் முதல் நூலுக்குத் திரும்பவேண்டும். அவருடைய உலோகப் பரிசோதனைகள் பொய்யல்ல. உலோகம் களைப்பதும், மேற்பரப்பிற் படியும் இரசாயனங்கள் அதன் மின் நடத்தையை அடக்குவதும் இன்று பொறியியலார் அன்றாடம் கையாளும் செய்திகள். ஆனால் வெள்ளீயம் தன் காயத்தைத் தானே ஆற்றாது. உணவை உட்கொண்டு தன்னைப்போல் ஒன்றைப் பெறாது. எப்படி வாழவேண்டும் என்ற கட்டளையைப் பரம்பரையாகக் கடத்தும் மூலக்கூறு அதனிடம் இல்லை. துலங்கல் என்ற ஒன்றை மட்டும் வைத்துக் கோடு கீற முடியாது என்பதே அவர் காட்டியது. அது பெரிய காரியம். அதற்கப்பால் அவர் தம் சொற்பொழிவை முடிக்கும்போது கங்கைக்கரை ரிஷிகள் கண்ட ஒருமையை நினைவுகூர்ந்தார். அது அவர் உள்ளத்தின் எழுச்சி. கல்வனோமானி சொன்னது அன்று. கேட்டவர்களுள் சிலர் இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டார்கள். அவர்கள் நண்பரிலும் இருந்தனர், பகைவரிலும் இருந்தனர்.

புல்லையும் மரத்தையும் தொடுவுணர்ச்சியுடைய ஓரறிவுயிர் எனத் தொல்காப்பியம் வகுத்ததை எடுத்துக்காட்டி, போஸ் சொன்னதை நம்மவர் அன்றே சொன்னார்கள் எனப் பெருமை பேசுவது நம் வழக்கம். தொல்காப்பியர் கூர்ந்து நோக்கினார், அழகாக வகுத்தார். ஆயினும் கூர்ந்து நோக்குவது வேறு, ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியை அளந்து மாற்றார் முன் வைத்து, தவறென்றால் காட்டு என்று நிற்பது வேறு. இரண்டையும் ஒன்றெனக் கூறினால் போஸின் முப்பதாண்டு உழைப்பு வீணாகிறது.

அவர் பிழைத்த இடமும் உண்டு. வேரிலிருந்து உச்சிக்கு நீர் ஏறுவது தண்டினுள்ளே கலங்கள் இதயம்போற் துடித்துத் தள்ளுவதனால் என்று இறுதிவரை வாதித்தார். இலைகளிலிருந்து நீராவி வெளியேறும்போது நீர்த்தம்பம் மேலே இழுக்கப்படுகிறது என்று 1894-இலேயே டிக்சனும் ஜோலியும் கூறிய விளக்கமே நின்றது. தாவரத்துக்கு நரம்பு உண்டென்ற அவருடைய சொல்லையும் பலர் ஏற்கவில்லை. அதனால் ஒரு தலைமுறைக்காலம் அவருடைய மெய்யான கண்டுபிடிப்புகளும் சேர்ந்தே ஓரங்கட்டப்பட்டன. பின்னரே சாதாரணச் செடிகளிலும் மின்சைகை பரவுவது ஐயமற நிறுவப்பட்டது. 2018-இல், புழு கடித்த இலையிலிருந்து கல்சியம் அலையொன்று சில நிமிடங்களுக்குள் மற்ற இலைகளுக்குப் பரவுவதை ஒளிரச்செய்து படம் பிடித்தார்கள். அதைத் தொடக்கிவிடுவது குளூற்றமேற்று. நம் மூளையின் நரம்புகளும் பயன்படுத்தும் அதே பொருள்.

கோட்டின் மறு முனையிலும் அவர் காலத்திலேயே ஓர் அதிசயம் நடந்தது. 1935-இல் ஸ்ரான்லி என்னும் அமெரிக்கர் புகையிலை நோய் வைரசை உப்பைப்போற் பளிங்காக்கிக் காட்டினார். போத்தலில் இருக்கும்வரை அது சடம். இலைக்குட் புகுந்ததும் பெருகும். அதை எந்த நிரலில் எழுதுவது என்று நம் பாடப்புத்தகங்கள் இன்றும் தடுமாறுகின்றன.

போஸ் 1915-இற் கல்லூரிப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். 1917-இற் சர் பட்டம் வந்தது. அவ்வாண்டு நவம்பர் 30, தமது ஐம்பத்தொன்பதாவது பிறந்த நாளில், வாழ்நாட் சேமிப்பையும் அன்பர் நன்கொடையையும் கொண்டு கல்கத்தாவிலே போஸ் ஆராய்ச்சிச்சாலையைத் திறந்தார். தார்ஜிலிங்கிலும் அவருக்கு மாயாபுரி என்னும் இல்லமும் ஆராய்ச்சி நிலையமும் இருந்தன. அதுவும் தேயிலை மலையே. தாய்மொழியில் எழுதுவதையும் அவர் விடவில்லை. 1896-இல் கூந்தல் தைலக் கம்பனி ஒன்று நடத்திய கதைப்போட்டிக்கு, தைலப் போத்தலைக் கடலில் எறிந்து புயலை அடக்கும் வேடிக்கைக் கதை ஒன்றை எழுதி முதற்பரிசு பெற்றார். அக்கதையில் வருபவன் கப்பலேறுவது நம் இலங்கைக்குத்தான். அக்கதை பின்னர் 1921-இல் வெளிவந்த அவ்யக்தம் என்னும் தொகுதியிற் சேர்ந்தது.

1937-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆந் திகதி, கிரிதி என்னும் ஊரில் அவர் காலமானார். எழுபத்தொன்பதாவது பிறந்த நாளுக்கும் ஆராய்ச்சிச்சாலையின் இருபதாவது ஆண்டு நிறைவுக்கும் ஒரு கிழமையே இருந்தது. அவர் செய்த பதிகருவிகளும், அலைநீளம் அளந்த பழைய ஏற்பிகளும் அச்சாலையின் காட்சியறையிலே இன்றும் பேணப்படுகின்றன.